மாந்தோப்பு ஊரில் தங்குவது: கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்களுக்கும் குடிவருகிறவர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்தால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நண்பர்கள் போன் செய்வார்கள். "இந்தச் சனிக்கிழமை வர்றோம், நல்ல தோப்பா ஒண்ணு காட்டு, ரெண்டு பெட்டி பழம் வாங்கணும்." வருவார்கள், மரத்தடியில் நின்று படம் எடுப்பார்கள், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்பிவிடுவார்கள். எனக்கு மனசு கேட்காது. இவ்வளவு தூரம் வந்தும் ஊரைப் பார்க்காமல் போகிறார்களே என்று இருக்கும்.

பிரான்சில் பொர்தோவுக்குப் போகிறவர்கள் திராட்சைத் தோட்டத்திலேயே தங்கி, மண்ணைப் பற்றிக் கேட்டு, அறுவடை பார்த்துத் திரும்புகிறார்கள். நம் நாட்டிலேயே நாசிக்கில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. 30 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் மா நிற்கிற கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் அப்படி நிதானமாகப் பார்க்கலாம். விரும்பினால் வந்து வாழவும் செய்யலாம்.

என் சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். மனைவியின் ஊர் காவேரிப்பட்டணத்துக்கு அருகில். 2012-இல் இங்கே குடிவந்தேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த ஊருக்கு வருவதையும் இங்கே வாழ்வதையும் மாமரத்தின் மாதங்களை வைத்துத் திட்டமிட வேண்டும். பணம் புரள்வது, கல்யாணம் குறிப்பது, வீடு கட்டத் தொடங்குவது, கடனை அடைப்பது என எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் மே, ஜூனில் வருகிறார்கள். முதல் தடவை வருகிறவர்களை நான் ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரியில் வரச் சொல்வேன். அப்போது தோப்பு முழுக்கப் பூ. கிளை நுனியெல்லாம் மஞ்சளும் லேசான சிவப்புமாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். காலை ஏழு மணிக்கு, பனி இறங்கி முடிந்த நேரத்தில், தோப்புக்குள் நின்றால் ஒரு புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை வரும். காதை வைத்துக் கேட்டால் மரமே ரீங்காரம் போடும். தேனீக்களைவிட ஈக்களே அதிகமாக இருக்கும். மாம்பூவில் மகரந்தத்தைக் கடத்தும் வேலையில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான்.

ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் நூற்றில் ஒன்றுகூடப் பழமாக நிலைப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டு பிப்ரவரியில் மேகம் மூட்டமாக இருக்கும் ஒரு நாளில் தோப்புக்காரர் முகத்தைப் பாருங்கள். மேகமூட்டமும் பனியும் சேர்ந்தால் தத்துப்பூச்சி பெருகும், சாம்பல் நோய் வரும், பூ கருகிக் கொட்டும். தத்துப்பூச்சி அதிகமான மரத்தடியில் நின்றால் சட்டையில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டும். அது அந்தப் பூச்சி கழிக்கும் இனிப்பு நீர். அது படிந்த இலையில்தான் பின்னால் கரிப்பூசணம் ஏறுகிறது.

பூ மாதத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பருவத்தில்தான் மருந்து அடிப்பார்கள். தோப்புக்குள் கால் வைக்கும் முன் "மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று கேளுங்கள். அன்றோ முந்தின நாளோ என்றால் குழந்தைகளை உள்ளே கூட்டிப்போக வேண்டாம்.

மார்ச்சில் பிஞ்சு. கோடைக் காற்றுக்கு உதிரும் நாட்டு மாம்பிஞ்சைப் பொறுக்கி வடு போடுவார்கள். ஏப்ரல் பாதிக்கு மேல் முன்பருவக் காய்கள் இறங்கத் தொடங்கும். மே, ஜூன் முழு மூச்சு. ஜூலையில் கடைசி ரகங்கள் வரும். ஆகஸ்டில் தோப்பு ஓய்ந்து, உழவு ஓட்டி, மழைக்குக் காத்திருக்கும். எனக்குப் பிடித்த இரண்டாவது மாதம் அதுதான். கூட்டம் இல்லை, வெயில் தணிந்திருக்கும், தோப்புக்காரர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

வந்து சேர்வது

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை இருந்தது, 1936-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். பெங்களூர்ப் பக்கம் இருந்து என்றால் ஓசூரில் இறங்கலாம். ஊத்தங்கரைப் பக்கம் போகிறவர்களுக்குச் சாமல்பட்டி வசதி.

சாலை வழிதான் இந்த ஊரின் பலம். பெங்களூரிலிருந்து 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 45, சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக 250 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எல்லா ஊர்ப் பேருந்தும் இரவு பகலாக வரும். தோப்புகளுக்குள் சுற்ற மட்டும் சொந்த வண்டி வேண்டும். டவுன் பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும்.

எந்த ரகம், எந்த வாரம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால் நீங்கள் கேட்கிற பழம் ஒன்று, கிடைக்கிற பழம் வேறாக இருக்கும்.

இந்த மண்ணின் பெரும்பயிர் பெங்களூரா. வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், இங்கே கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். நீண்டு, நுனி கிளியின் மூக்கு போல வளைந்திருக்கும். வருஷம் தவறாமல் காய்க்கும். தோல் தடித்தது, லாரிப் பயணத்தைத் தாங்கும். மாம்பழக் கூழ் ஆலைகள் நம்பியிருப்பது பெரும்பாலும் இதைத்தான். பழமாகச் சாப்பிட இது முதல் ரகம் இல்லை என்று பலர் ஒதுக்குவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதி பழுத்த கிளிமூக்கைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, மதிய வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்து தின்று பாருங்கள்.

செந்தூரா முதலில் வரும். காம்புப் பக்கம் சிவப்பு ஏறி, பார்க்கவே அழகாக இருக்கும். அதை ஒட்டியே அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் வரும். ஏப்ரல் கடைசி முதல் மே வரை இவற்றின் காலம். அல்போன்சா ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் கையை விரிக்கும். மல்கோவாவும் அப்படித்தான். உருண்டையாகக் கனத்திருக்கும், காய்ப்பு குறைவு, அதனால் விலை கூடுதல். இமாம் பசந்த் கிடைத்தால் விடாதீர்கள். பழுத்தும் தோல் பச்சையாகவே இருக்கும், தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீலம் கடைசியில், ஜூன் பாதிக்கு மேல் வரும். சின்னப் பழம், நல்ல மணம், சோர்வே இல்லாமல் வருஷா வருஷம் காய்க்கும் மரம். வெட்டினால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு பறப்பதும் இந்த நீலத்தில்தான் அதிகம். அதைப் பார்த்து முகம் சுளித்துப் பழத்தைத் தூக்கி எறிய வேண்டாம். வண்டு கொட்டையில் வளர்ந்தது, சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இந்த நீலத்தையும் வடநாட்டு தசேரியையும் சேர்த்து உருவாக்கியதுதான் மல்லிகா. நார் இல்லாத, தேன் போன்ற பழம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது அது.

தோப்புக்குள் போகும் முறை

மாந்தோப்பைச் சுற்றி வேலி இல்லாவிட்டாலும் அது பொது இடம் இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல தோப்புகளில் மரம் ஒருவருடையது, காய் இன்னொருவருடையது. பூ எடுக்கும் நேரத்திலோ அதற்கு முன்போ வியாபாரிகள் வந்து, மரத்தைச் சுற்றிப் பார்த்து, மொத்தமாக ஒரு தொகை பேசித் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார்கள். அதன் பிறகு மருந்துச் செலவு, காவல், பறிப்புக்கூலி எல்லாம் குத்தகைதாரருடையது. ஆலங்கட்டி மழையில் பிஞ்சு கொட்டினாலும் நட்டம் அவருக்குத்தான். ஆகவே நிலத்துக்காரர் உங்கள் நண்பராகவே இருந்தாலும் மே மாதத்தில் ஒரு காயைப் பறித்துத் தர அவருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். கீழே விழுந்த காயும் கணக்கில் உண்டு, அதுவும் ஊறுகாய்க்குப் போகும்.

வாசலில் நின்று குரல் கொடுங்கள். காவல்காரர் வருவார், நாயும் வரும். வயதானவர் என்றால் ஐயா, நடுவயது என்றால் அண்ணா, அக்கா. "தோப்பைப் பார்த்துட்டுப் போறோம் அண்ணா, பறிக்க மாட்டோம்" என்று சொன்னாலே போதும், பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். அரை மணி நேரம் கழித்து அவரே ஒரு பழத்தை அறுத்துக் கையில் கொடுப்பார். அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

காய் பறிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் போக வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் கொக்கியும் வலைப்பையும் கட்டிய தொரட்டியால் இறக்குவார்கள். நல்ல பழத்துக்கான காயைக் காம்போடு பறித்து, பிறகு காம்பைக் கிள்ளித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுவார்கள். அந்தப் பால் தோலில் பட்டால் கறுத்த வடு விழும், பழத்தின் விலையும் விழும். மனிதர் தோலில் பட்டாலும் புண்ணாகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், பறித்த கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். என் மகனுக்கு ஆறு வயதில் உதட்டோரம் வெந்து பத்து நாள் அவதிப்பட்டான்.

வாங்குவதும் பழுக்க வைப்பதும்

பருவம் வந்தால் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பழக்கடை முளைக்கும். நல்ல கடைகள் உண்டு. நான் வந்த முதல் வருஷம் அப்படி ஒரு கடையில் தங்க நிறத்தில் இருந்த ஒரு பெட்டியை வாங்கிக் கடலூருக்கு எடுத்துப்போனேன். அறுத்தால் உள்ளே வெள்ளை, புளிப்பும் இல்லை இனிப்பும் இல்லை. முற்றாத காயைக் கார்பைடு கல் வைத்து நிறம் ஏற்றியிருந்தார்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை வரம்புக்குள் வைத்துப் பழுக்க வைக்க அனுமதி இருக்கிறது. பழம் தானாகப் பழுக்கும்போது அதிலிருந்து வெளிவருவதும் அதே எத்திலீன்தான்.

அன்றிலிருந்து நான் பழம் வாங்குவதில்லை. முற்றிய காயாக வாங்குகிறேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். முற்றியதற்கு அடையாளம் தோள். காம்பு இருக்கும் இடம் குழிந்து, இரண்டு பக்கமும் சதை மேலே எழும்பியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மிதந்தால் கல் வைத்த பழம் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. மிதப்பது முற்றாததைத்தான் காட்டும். ஆனால் கல் வைப்பவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டுப் பறித்த காயைத்தான் வைப்பார்கள், அதனால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

வீட்டுக்கு வந்ததும் வைக்கோல் இருந்தால் வைக்கோல், இல்லாவிட்டால் பழைய செய்தித்தாள். ஒரு வரிசைக்கு மேல் அடுக்க வேண்டாம். இருட்டான, காற்றோட்டமான மூலை. ரகத்தையும் வெயிலையும் பொறுத்து ஐந்து முதல் எட்டு நாள் ஆகும். தினமும் காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். மணம் அறை முழுக்கப் பரவினால் தயார். பழுக்காத காயை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். குளிர் பட்டால் தோல் கறுத்து, பழுக்காமலேயே கெட்டுவிடும். பழுத்த பின் வைக்கலாம். சாப்பிடும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, காம்படியை வெட்டிக் கொஞ்சம் பாலைப் பிதுக்கி எடுத்துவிட்டு அறுக்கவும்.

மொத்தமாக வேண்டுமென்றால் மண்டிக்குப் போங்கள். காலையில் போனால் தரம் பிரிப்பதையும் விலை பேசுவதையும் பார்க்கலாம். அங்கே நின்றால் ஒரு கசப்பான உண்மையும் தெரியும். 2025 பருவத்தில் கிளிமூக்கு கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. பறிப்புக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. நீங்கள் நகரத்தில் பெட்டி பெட்டியாகக் குடிக்கிற மாம்பழச் சாறு இந்தக் காயிலிருந்துதான் வருகிறது. தோப்பில் நேரடியாக வாங்கும்போது தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கேட்ட விலையைக் கொடுங்கள்.

இரண்டு நாள் சுற்று

கிருஷ்ணகிரி நகரத்தில் பேருந்து நிலையத்தைச் சுற்றி எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்குங்கள். தோப்புக்குள் தங்க வேண்டுமென்றால் தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

முதல் நாள் விடிகாலை காவேரிப்பட்டணம் சாலை. வழியில் அவதானப்பட்டி ஏரி, அதை அடுத்துத் தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணை. அணையைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், மாலையில் அங்கே பொரித்த மீன் நன்றாக இருக்கும். காவேரிப்பட்டணம் தாண்டி பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்து, உயரம் அடங்கி வளரும் பையூர் 1 என்ற ரகம் இங்கிருந்து வந்ததுதான். ஜீனூரில் அரசு தோட்டக்கலைப் பண்ணை. இரண்டுக்கும் வேலை நாளில், அலுவலக நேரத்தில் போய், அனுமதி கேட்டு உள்ளே போகலாம். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

காவேரிப்பட்டணத்தில் நிப்பட் வாங்க மறக்க வேண்டாம். தட்டையைவிடக் கனமாக, நிலக்கடலை தெரியும்படி மொறுமொறுவென்று இருக்கும்.

இரண்டாம் நாள் போச்சம்பள்ளிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாரச்சந்தை. ஆடு, கோழி, புளி, கொள்ளு, மண்வெட்டி என்று எல்லாமே இருக்கும். பக்கத்தில் பாரூர்ப் பெரிய ஏரி. அங்கிருந்து சந்தூர். இந்த ஒரு ஊருக்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம். சாலையின் இரு பக்கமும் ஒட்டுக் கன்றுப் பண்ணைகள். கூழ் ஆலைகளில் ஜூன், ஜூலையில் மலை மலையாகக் கொட்டை குவியும். மாங்கொட்டை சில வாரத்துக்கு மேல் முளைப்புத் தாங்காது, அதனால் உடனே விதைப்பார்கள். அந்த நாற்றில்தான் செந்தூராவும் மல்லிகாவும் ஒட்டாக ஏறுகின்றன. சின்னக் கத்தியால் தண்டைச் சீவி, ஆப்பு போல நுழைத்து, பிளாஸ்டிக் நாடா சுற்றுவதை நிமிஷத்துக்கு ஒன்றாகச் செய்யும் பெண்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கைகளுக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

ஜூன், ஜூலை வாக்கில் நகரத்தில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேறு வழி கிடையாது. தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், கேட்டுக்கொண்டு வாருங்கள். நேரம் மிஞ்சினால் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறலாம், அல்லது ராயக்கோட்டை. இரண்டும் பாராமகால் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) கோட்டைகள், திப்பு காலத்துச் சண்டைகளைப் பார்த்தவை. மே மாத வெயிலில் பத்து மணிக்கு மேல் ஏறாதீர்கள்.

குடிவருகிறவர்களுக்கு: தண்ணீரை முதலில் பாருங்கள்

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் இப்போது நிறைய. வீடு பார்க்கும்போது வாடகை, பள்ளி, கடைத்தெரு என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். தண்ணீரை விசாரிப்பதில்லை. நாங்களும் அந்தத் தப்பைத்தான் செய்தோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழி இல்லாதபோது 1.5 வரை. அதற்கு மேல் போனால் வளரும் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும், இன்னும் கூடினால் எலும்பையும் பாதிக்கும். நாங்கள் வந்த புதிதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம், காய்ச்சினால் போதும் என்ற நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் தன் பல்லைக் காட்டிச் சொன்னார்: "சின்ன வயசுல நாங்க குடிச்ச தண்ணி இது தம்பி. குழந்தைக்குக் குடுக்காதீங்க." காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அளவு கூடவே செய்யும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் உயிர் கொடுத்தது என்று சொல்வேன். வீடு பார்க்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, வாரத்தில் எத்தனை நாள்? வராத இடம் என்றால் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். அளவு கூடுதல் என்றால் ஆர்.ஓ. சுத்திகரிப்பு வைக்க வேண்டும். சாதாரண வடிகட்டி இதற்கு உதவாது. சமையலுக்கும் அந்தத் தண்ணீரையே எடுங்கள், குடிக்க மட்டும் என்று வைக்காதீர்கள்.

மொழி ஒரு சிரமமே இல்லை, ஆனால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். சந்தையில் ஒருவர் தெலுங்கில் கேட்க, இன்னொருவர் தமிழில் விலை சொல்வார். இரண்டு பேருக்கும் அது இயல்பு.

சாப்பாட்டில் கேழ்வரகுக் களி பழகிக்கொள்ளுங்கள். மொச்சைக் குழம்போ கீரை மசியலோ ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் பருப்பில் மாங்காய் விழும், கீரையில் விழும், மீன் குழம்பில் விழும். புளி வாங்கும் செலவே இரண்டு மாதத்துக்குக் குறையும். ஜூனில் அடுத்த வீடுகளிலிருந்து வாளி வாளியாகப் பழம் வரும். வாளியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, ஒரு கைப்பிடி அரிசியோ வீட்டுப் பலகாரமோ போட்டுத் தர வேண்டும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பணப்புழக்கமும் காய்ப்போடு போகும். காய்ப்பு நன்றாக இருந்து விலையும் நின்ற வருஷம் ஆவணியில் கல்யாண மண்டபம் கிடைக்காது. இல்லாத வருஷம் கடைக்காரரின் கடன் நோட்டு தடிக்கும். கடை வைக்க வருகிறவர்கள் இதை மனதில் வைத்து முதல் வருஷக் கணக்கைப் போடுங்கள்.

தோப்பு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு

பெங்களூரில் சம்பாதித்து இங்கே இரண்டு ஏக்கர் வாங்கும் ஆசை பலருக்கு. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், நில உச்சவரம்புக்குள் இருந்தால் சரி. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் இந்த நான்கையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அதற்கப்புறம் காகிதத்தில் தெரியாத மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது தடம். லாரி உள்ளே வர வழி இருக்கிறதா, அந்த வழி யாருடைய பட்டாவில் இருக்கிறது? இரண்டாவது, தோப்பு இப்போது குத்தகையில் இருக்கிறதா, இன்னும் எத்தனை பருவம் பாக்கி? மூன்றாவது கல்டார். மரத்தைக் கட்டாயப்படுத்திப் பூக்க வைக்கிற மருந்து அது. செப்டம்பர், அக்டோபரில் வேரடியில் ஊற்றுவார்கள். அளவோடு, உரமும் தண்ணீரும் கொடுத்துப் பயன்படுத்தினால் குறை சொல்ல முடியாது. குத்தகைக்காலம் முடிவதற்குள் எடுத்ததெல்லாம் லாபம் என்று வருஷா வருஷம் அதிகமாக ஊற்றினால் மரம் தளர்ந்துவிடும். துளிர் குறுகி, இலை கொத்துக் கொத்தாக நெருங்கி நின்றால் சந்தேகப்படுங்கள். அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்து விசாரியுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு பருவம் ஊரில் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். கோடையில் அந்தக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது ஏப்ரலில் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி வாங்குகிறவர்கள் யானை வரும் பாதையையும் கேட்டறிய வேண்டும்.

கன்று நடுவது

வெறும் நிலமாக வாங்கினால் ஜூலை முதல் டிசம்பர் வரை நடலாம். பழைய முறையில் பத்து மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 40 மரம். அடர்நடவில் ஐந்துக்கு ஐந்து, ஏக்கருக்கு 160. அடர்நடவில் வருமானம் சீக்கிரம் வரும், ஆனால் வருஷா வருஷம் கவாத்து செய்ய, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்க, ஆள் வேண்டும். ஊரில் நிரந்தரமாக இருக்க மாட்டீர்கள் என்றால் பழைய முறையே உங்களுக்குப் பொருந்தும். நடுவில் முதல் சில வருஷம் நிலக்கடலையோ கொள்ளோ போடலாம்.

ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்பி, ஒரு மழை விட்டபின் கன்றை வையுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வரும் துளிரை உடனே கிள்ளிவிடுங்கள். அது கொட்டையின் துளிர், விட்டுவைத்தால் அதுவே மரமாகி ஒட்டை அமுக்கிவிடும். காற்றுக்குச் சாயாமல் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

இரண்டாவது வருஷமே பூ வந்துவிடும். அதைக் கிள்ளி எறிய வேண்டும். மூன்று வருஷம் வரைக்கும் வருகிற பூவையெல்லாம் கிள்ள வேண்டும், அப்போதுதான் கிளை விரிந்து மரம் தேறும். எங்கள் மல்லிகாவின் முதல் பூவைக் கிள்ள எனக்குக் கை வரவில்லை. மாமியார் வந்து, "நீங்க வீட்டுக்குள்ள போங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு அவரே கிள்ளிப் போட்டார். ஐந்தாம் வருஷம் அதில் 22 காய் நின்றது.